ஒரு பொத்தானுக்கு இரண்டு மணி

இந்தக் கதையைப் பல வருடம் நான் நம்பவில்லை.

கோவையில் ஒரு பஸ் டிக்கெட் இணையதளம். பொத்தானை ஒருமுறை அழுத்தினால் இரண்டு சீட்டு பதிவானது. மேலாளர் கனகசபை, புதிதாகச் சேர்ந்த செண்பகவல்லியைக் கூப்பிட்டார்.

"உன் தப்புதான். சாயங்காலத்துக்குள் சரி செய். இல்லையென்றால் நாளைக்கு வராதே."

பொத்தானை அழுத்தினால் ஓடும்படி அதோடு இணைக்கும் கட்டளைக்கு அந்த ஆபீஸில் மணி என்று பெயர்; ஒரு மணிக்கு ஒரு சீட்டு பதிவாகும். ஒவ்வொரு ஃபைலிலும் எழுதியவர் பெயர் இருக்க வேண்டும் என்பது கனகசபையே போட்ட சட்டம். அவள் பத்தே வரியில் ஒரு சின்னக் கருவி எழுதினாள்.

"மணி கட்டினவர் பெயரை இது சொல்லும் சார். கூடுதல் மணியை அவிழ்த்தும் விடும். நீங்களே அழுத்துங்க."

அழுத்தினார். 'முதல் மணி: கனகசபை. இரண்டாம் மணி: கனகசபை. அவிழ்த்தாயிற்று' என்றது திரை.

"பூனைக்கு மணி கட்டத்தான் ஆள் கிடைக்காது சார். இங்கே ஒருத்தரே இரண்டு கட்டியிருக்கார்!"

மறுநாளும் அவள் வேலைக்கு வந்தாள்.

எனக்கு இதைச் சொன்னவரிடம் போன மாதம் கேட்டே விட்டேன்: "உங்கள் தப்பு என்று தெரிந்தேதான் அவளைக் கூப்பிட்டீர்களா, கனகசபை சார்?"