ஆமையின் ஓட்டுக்குள் பியூஸ் கட்டை

கண்ணுங்களா, கரண்டு வேலை பார்க்கும்போது, "இனி பயமில்லை, தொடலாம்" என்று எப்போது சொல்லலாம்? மெயினை இறக்கியதுமா? யோசித்து வையுங்கள். பதிலை நான் சொல்லப்போவதில்லை. ஓர் ஆமை சொல்லும்.

ஒரு காட்டில், குளத்துக்கரையை ஒட்டி மூன்று வீடுகளுக்குக் கரண்டு வந்திருந்தது. காட்டுக்குள் கரண்டு எப்படி வந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வந்திருந்தது, அவ்வளவுதான். வாத்து வீடு, கரடி வீடு, ஆமை வீடு, மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு மெயின் சுவிட்சு. புங்கமரத்தடியில் தகரக் கூரை போட்டு அதை மாட்டியிருந்தார்கள். அதற்குப் பக்கத்திலேயே வெள்ளைப் பீங்கானில் ஒரு பியூஸ் கட்டை. அந்தக் கட்டைக்குள் இருக்கும் மெல்லிய கம்பி வழியாகத்தான் மூன்று வீட்டுக்கும் கரண்டு போயாக வேண்டும்.

மெயினின் கைப்பிடி கொஞ்சம் தளர்ந்திருந்தது. காற்று பலமாக அடித்தால் தானாகவே கீழே இறங்கி, கரண்டு நின்றுவிடும். அதனால் அங்கே ஒரு வழக்கம். கரண்டு போனால் யாரும் யாரையும் கேட்பதில்லை. யாருக்கு முதலில் பொறுமை போகிறதோ, அவர் எழுந்து போய்க் கைப்பிடியை மேலே தூக்கிவிடுவார். பெரும்பாலும் அது கரடிதான்.

வாத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. ஓர் இடத்தில் உட்காரவே வராது. குளத்துக்கும் கரைக்கும் நடந்துகொண்டே இருக்கும். அதனால் முட்டைகளை ஒரு மரப்பெட்டிக்குள் வைக்கோல் பரப்பி வைத்து, மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டிருந்தது. பல்பின் சூட்டில் முட்டைகள் கதகதப்பாக இருந்தன. இருபத்தேழு நாள் ஆகிவிட்டது. இன்றோ நாளையோ குஞ்சு வெளியே வரும்.

அன்று காலை மழை பெய்து ஓய்ந்திருந்தது. வாத்து பெட்டியைத் திறந்து பார்த்தால், பல்பு எரியவில்லை.

"ஐயோ, முட்டை ஆறிப்போகுதே. யாராவது வாங்களேன்" என்று வாத்து கத்தியது.

முதலில் வந்தது குரங்கு. குரங்குக்கு எதையும் அந்த நிமிடமே செய்தாக வேண்டும். ஆறுவதற்குள் சாப்பிட்டு நாக்கைச் சுட்டுக்கொள்ளும் ரகம்.

"என்னக்கா, பல்பு போயிடுச்சா?"

"பல்பு நேத்துதான் மாத்தினேன், தம்பி. வயரைப் பாரு, ஹோல்டர் பக்கத்துல கருகிக் கிடக்கு."

குரங்கு எட்டிப் பார்த்தது. "இதுக்கா இந்தக் கத்தல்? கருகினதை வெட்டிட்டு, நல்ல வயரைச் சீவி முறுக்கினா முடிஞ்சது. நீ இங்கேயே இரு. மெயினை இறக்கிட்டு வந்துடறேன்."

இரண்டே தாவலில் புங்கமரத்தடிக்குப் போய்விட்டது.

அங்கே மரத்தின் வேரில் ஆமை படுத்திருந்தது. ஆமைக்கு எதிலும் அவசரம் கிடையாது. ஒரு கீரைத்தண்டை மென்று முடிக்கவே அரை நாள் ஆகும்.

குரங்கு கைப்பிடியைக் கீழே இழுத்தது. கரடி வீட்டில் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த கிரைண்டர் நின்றது.

"எதுக்குப்பா இறக்கறே?" என்று கேட்டது ஆமை.

"வாத்தக்கா பெட்டியில வயர் வேலை. அஞ்சு நிமிஷம்."

"அப்போ பியூஸ் கட்டையையும் கழட்டிக் கையோட எடுத்துட்டுப் போ. அடுத்த வீட்டுல கிரைண்டர் ஓடிட்டிருந்தது."

குரங்கு சிரித்தது. "மெயினை இறக்கியாச்சு, அப்புறம் கட்டை எதுக்கு? அதைக் கழட்டி, திரும்ப வந்து மாட்டி... நீங்க செஞ்சா முட்டை பொரிஞ்சு, குஞ்சு வளர்ந்து, அதுங்களே முட்டை போட்டுடும்."

"கரடிகிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ."

"அவர்கிட்ட சொல்ல ஆரம்பிச்சா மாவுக்கு உளுந்து எவ்வளவு போட்டேன்னு கதை சொல்வார். முட்டை ஆறிடும், ஆமையக்கா." சொல்லிக்கொண்டே குரங்கு போய்விட்டது.

ஆமை அதன் பின்னால் கத்தவில்லை. கத்தினாலும் குரங்கு நிற்காது. வேரின்மேல் மெல்ல ஏறியது. கைப்பிடி கீழேதான் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டது. கழுத்தை நீட்டி, பியூஸ் கட்டையை வாயால் கவ்வி வெளியே இழுத்தது. அதைக் கழுத்துக்குக் கீழே, ஓட்டுக்குள் செருகிக்கொண்டது. பிறகு வாத்து வீட்டை நோக்கி நடக்க ஆரம்பித்தது.

ஆமை நடந்து வருவதற்குள் குரங்கு கருகின வயரை வெட்டிப் போட்டிருந்தது.

தரையெல்லாம் ஈரம். வாத்து பெட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்து, போன இடமெல்லாம் தண்ணீரைச் சொட்டிக்கொண்டிருந்தது.

"சீக்கிரம் தம்பி, முட்டையைத் தொட்டா ஜில்லுன்னு இருக்கு."

"வாத்து, நீ ஏன் இப்படிச் சுத்தறே?" என்றது ஆமை. "முட்டை ஆறுதுன்னா இறக்கையைத் தொடைச்சுட்டு அது மேல உட்காரேன்."

"நானா? எனக்கு உட்காரவே வராதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"அரை மணி நேரம்தானே. இத்தனை நாள் பல்பு உட்கார்ந்தது, இப்போ நீ உட்காரு. நீ உட்கார்ந்துட்டா யாருக்கும் அவசரம் இல்லை."

வாத்துக்கு வேறு வழி தெரியவில்லை. வைக்கோலில் உடம்பை நன்றாகத் தேய்த்துத் துடைத்தது. குரங்கு பல்பு ஹோல்டரைப் பெட்டிக்கு வெளியே எடுத்துக்கொள்ள, வாத்து உள்ளே இறங்கி ஏழு முட்டைகளையும் இறக்கைக்குள் கூட்டிக்கொண்டு உட்கார்ந்தது. "கால் குறுகுறுங்குது" என்று முனகியது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

ஆமை ஒரு காய்ந்த பலகையை முகத்தால் தள்ளிக்கொண்டு வந்து குரங்கின் அருகில் போட்டது. "ஈரத்துல நிக்காதே. இது மேல நில்லு."

"சரி சரி" என்று குரங்கு பலகையில் ஏறி நின்றது. ஆனால் வயரைச் சீவக் கத்தியைத் தேட அதற்குப் பொறுமை இல்லை. வயரின் நுனியை வாயில் வைத்து, மேல்தோலைப் பல்லால் கடித்து உரிக்கத் தொடங்கியது. முதல் வயர் உரிந்தது. செம்புக்கம்பி பளபளவென்று தெரிந்தது. இரண்டாவது வயரையும் வாயில் வைத்துக் கடித்தது.

அந்த நேரத்தில் வாசலில் தொம் தொம் என்று சத்தம். கரடி வந்து நின்றது. கையெல்லாம் மாவு.

"இங்க யாராவது பியூஸ் கட்டையைப் பார்த்தீங்களா?" என்று கேட்டது.

"ஏண்ணே?" என்றது வாத்து.

"பாதி மாவுல கிரைண்டர் நின்னுபோச்சு. சரி, காத்துல மெயின் இறங்கியிருக்கும்னு போய்த் தூக்கிவிட்டேன். திரும்பி வந்து சுவிட்சைப் போட்டா, ஒண்ணும் ஓடலை. மறுபடி போய்ப் பார்க்கறேன், கட்டையையே காணோம். காட்டுல இதைக்கூடவா திருடுவாங்க?"

குரங்கின் வாய் அசையாமல் நின்றது. வயர் இன்னும் பல்லுக்கு நடுவில் இருந்தது.

"எப்போ தூக்கினீங்க?" என்று ஆமை கேட்டது.

"நின்ன கொஞ்ச நேரத்துல. நூறு எண்ணுறவரைக்கும் பார்த்தேன். யாரும் போகலை, நானே போயிட்டேன்."

"இப்போ மெயின் மேலேயா இருக்கு?"

"மேலேதான் இருக்கு. பின்னே, தூக்கினதைத் திரும்ப இறக்கிட்டா வருவேன்?"

குரங்கு வயரை வாயிலிருந்து மெதுவாக எடுத்தது. ஒரு பாம்பைக் கீழே விடுவதுபோல அதைத் தரையில் வைத்தது. பிறகு பலகையிலேயே உட்கார்ந்துவிட்டது. நாக்கால் தன் பற்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தது. எல்லாம் இருந்தன.

"அப்போ... கரண்டு ஏன் வரலை?" என்று கேட்டது.

ஆமை கழுத்தை வெளியே நீட்டியது. ஓட்டுக்குள்ளிருந்து வெள்ளைக் கட்டை டொக்கென்று பலகைமேல் விழுந்தது.

வாத்து பெட்டிக்குள் இறக்கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டது.

கரடி மாவுக் கையால் தலையில் தட்டிக்கொண்டது. "நான் பாட்டுக்குத் தூக்கிவிட்டுட்டேனே. இங்க ஒருத்தன் வயரைக் கடிச்சுட்டு நிப்பான்னு எனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை" என்றது குரங்கு. "நான்தான் சொல்லணும். சொல்லலை."

"சரி, கட்டையைக் குடுங்க, மாட்டிடறேன். மாவு புளிச்சுடும்" என்று கரடி கையை நீட்டியது.

ஆமை கட்டையின்மேல் காலை வைத்துக்கொண்டது. "வேலை முடியட்டும். அதுவரைக்கும் இது வேலை செய்யறவன்கிட்டதான் இருக்கும்." கட்டையைக் குரங்கின் பக்கம் தள்ளிவிட்டது.

குரங்கு அதை எடுத்து இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டது. கரடியிடம் மெயினை இறக்கிவிட்டு வரச் சொன்னது. இறக்கியாச்சு என்று கரடி வந்து சொன்ன பிறகுதான் மறுபடி வயரைத் தொட்டது. இந்த முறை கத்தி கேட்டது. வாத்து கத்தி இருக்கும் இடத்தைச் சொல்ல, கரடி எடுத்து வந்து கொடுத்தது. குரங்கு இரண்டாவது வயரைக் கத்தியால் சீவி, இரண்டையும் ஹோல்டருக்குள் விட்டுத் திருகாணியை முறுக்கியது. வெளியே தெரிந்த இடத்தில் கருப்பு டேப்பைச் சுற்றியது. போதும் என்று கரடி சொன்ன பிறகும் இன்னும் இரண்டு சுற்று சுற்றியது. குரங்கு ஒரு வேலையை இவ்வளவு மெதுவாகச் செய்து அந்தக் காட்டில் யாரும் பார்த்ததில்லை.

"இவன் செய்யறதைப் பார்த்தா எனக்கே தூக்கம் வருது" என்றது ஆமை.

வேலை முடிந்தது. குரங்கு ஹோல்டரை மறுபடி பெட்டிக்கு மேலே மாட்டியது. எல்லாருடைய கையும் காலும் வயரைவிட்டுத் தள்ளி இருக்கிறதா என்று பார்த்தது. புங்கமரத்தடிக்குப் போய், தானே கட்டையை மாட்டி, "மெயினைத் தூக்கறேன், தூக்கறேன்" என்று இரண்டு தரம் குரல் கொடுத்துவிட்டுத் தூக்கியது. கரடி வீட்டில் கிரைண்டர் கடகடவென்று ஓடத் தொடங்கியது. கரடி மாவைப் பார்க்க ஓடியது.

குரங்கு திரும்பி வந்தது. பல்பைப் போடச் சுவிட்சின் பக்கம் கையைக் கொண்டுபோனது.

வாத்து அசையாமல் உட்கார்ந்திருந்தது. தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தது. வயிற்றுக்குக் கீழே ஒரு முட்டைக்குள்ளிருந்து டிக், டிக் என்று யாரோ தட்டினார்கள். கொஞ்சம் பொறுத்து, பக்கத்து முட்டையிலும்.

"தம்பி," என்றது வாத்து, மிக மெதுவாக, "அந்தச் சுவிட்சை இப்போ போடாதேப்பா. இன்னும் கொஞ்ச நேரம் நானே உட்கார்ந்துக்கறேன்."

நீதி: கரண்டு வேலைக்கு மெயினை இறக்கினால் மட்டும் போதாது; அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு, பியூஸ் கட்டையைக் கழற்றி, வேலை முடியும்வரை வேலை செய்பவரே வைத்திருக்க வேண்டும்.