குல்லாவுக்கு ஆசைப்பட்ட துணி வியாபாரி

இந்தக் கதையை நான் பல வருடமாக நம்பவில்லை. சொன்னவர் ஒபின்னா. ஆப்பிரிக்காவின் ஈபோ இனத்து வியாபாரி, திருப்பூருக்குப் பனியன் வாங்க வருகிறவர்.

முன்னொரு காலத்தில் அவர்கள் பக்கம் ஒரு ராஜா ஆண்டாராம். காலையில் ஒருவனைக் கட்டிப்பிடிப்பார், சாயங்காலம் அவனையே சிறையில் தள்ளுவார். அந்த நாட்டில் ஒரு வழக்கம். தொழில் பழக வருகிறவன் முதலாளி வீட்டிலேயே தங்கிச் சம்பளமில்லாமல் உழைப்பான். காலம் முடிந்ததும் முதலாளி அவனுக்கு ஒரு கடை வைத்துக் கொடுத்து அனுப்ப வேண்டும்.

துணி வியாபாரி ஒனோச்சியிடம் இகென்னா அப்படித்தான் உழைத்தான். ஒனோச்சி ராஜாவுக்கு ரொம்ப வேண்டியவர். சபையில் அவருக்குத் தனி ஆசனம். இகென்னாவுக்குப் பெண் பார்த்தாகிவிட்டது. கடை வந்தால்தான் கல்யாணம் என்று பெண் வீட்டார் சொல்லியிருந்தார்கள். காலம் முடிகிற வாரம், துணி திருடினான் என்று சொல்லி ஒனோச்சி அவனைத் துரத்திவிட்டார். அவனுக்கு முன்னால் இருந்தவர்களும் சொல்லிவைத்தாற்போல் கடைசி வாரத்தில்தான் திருடர்களானார்கள்.

சந்தையைக் கவனிக்கிற மந்திரி அடாகு அம்மாவிடம் போய் இகென்னா அழுதான். அவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்குச் சபையில் தூணுக்குப் பின்னால் வந்து நில் என்றாள்.

மறுநாள், சந்தைக்கு ஒரு தலைவர் வேண்டும், நல்ல ஆட்களைப் பழக்கியவருக்கே தலைவருக்கான சிவப்புக் குல்லாவைச் சூட்டலாம் என்று ராஜாவிடம் சொன்னாள். குல்லா சூட்டுவதென்றால் ராஜாவுக்கு உயிர். ஒனோச்சி முந்திக்கொண்டு எழுந்தார்.

"என்னைவிட யார் பழக்கியிருக்கிறார்கள், மகாராஜா?"

"அவர்களில் கெட்டிக்காரன் யாரய்யா?" என்றாள் அடாகு.

ஒனோச்சியின் கண் குல்லாவிலேயே இருந்தது. "இகென்னாதான். தங்கமானவன்."

"கைசுத்தம்?"

"பெட்டிச் சாவியே அவனிடம்தானே இருந்தது."

இகென்னா தூணுக்குப் பின்னாலிருந்து வந்து நின்றான்.

"அப்படியானால் இவன் கடை எங்கே?" என்றார் ராஜா.

இவனையும் இவனுக்கு முன்னால் இருந்தவர்களையும் கடைசி வாரத்தில் திருடர்கள் என்று துரத்தியதை அடாகு எடுத்துச் சொன்னாள். ராஜா சிரித்த சிரிப்பில் சிம்மாசனம் ஆடியது.

"உன் கடைக்கு எதிரிலேயே இவனுக்கு ஒன்று வைத்துக் கொடு. முதல் நாள் வாசலில் நின்று நீயே ஆள் கூப்பிட வேண்டும். முன்னால் துரத்தினாயே, அவர்களுக்கும் அப்படித்தான்."

குல்லா அடாகுவின் தலைக்குப் போனது. கடை திறந்த அன்று ஒனோச்சிக்குக் கூவிக் கூவித் தொண்டை கட்டிப்போனதாம். இகென்னா அவருக்கு வெந்நீர் கொடுத்தானாம்.

இவ்வளவு சுலபமாகவா நியாயம் கிடைக்கும் என்பதுதான் என் சந்தேகம். போன மாதம் ஒபின்னா வந்திருந்தார். பல வருடமாக அவரிடம் வேலை பழகும் கெலெச்சி, பனியன் மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். அவன் காதில் விழும்படியே கேட்டேன்:

"முதலாளி, இவனுக்கு எப்போது கடை?"