காற்றில்லாத் தீவின் சக்கரம்

ஒரு கடலில், பட்டாணியை வாரி இறைத்தது போலச் சின்னச் சின்னத் தீவுகள் சிதறிக் கிடந்தன, குழந்தைகளே. குரங்குகளுக்கு ஒரு தீவு, உடும்புகளுக்கு ஒரு தீவு, நீர்நாய்களுக்கு ஒரு தீவு. எல்லாம் சேர்ந்து ஒரே நாடு. அந்த நாட்டுக்குத் தலைவர் ஒரு கடற்பசு. நல்லவர்தான். ஆனால் எதையும் எல்லாருக்கும் ஒரே அச்சில் வார்த்தால்தான் அவருக்குத் திருப்தி.

அந்தத் தீவுகளில் கிணறுகள் ஆழமானவை. டீசல் எஞ்சின் ஓடினால்தான் தண்ணீர் மேலே வரும். டீசலைப் பீப்பாயில் கொண்டுவந்து தருபவர் முதலை அண்ணாச்சி. வரும்போதெல்லாம் தீவுக்காரர்கள் பிடித்த மீனில் பெரும்பங்கை அள்ளிக்கொண்டு போவார். ஆடிக் காற்று கிளம்பிக் கடல் கொந்தளித்தால் அவர் வரமாட்டார். அப்போது தீவுகள் தவித்த தவிப்பு சொல்லி மாளாது.

போன ஆடியில், பேச்சி என்ற நீர்நாயின் குட்டிகள் இலைகளில் படிந்த ஈரத்தை நக்கித் திரிந்தன. பெற்ற வயிறு பொறுக்குமா? "இனி அந்த அண்ணாச்சி வாயைப் பாத்துக்கிட்டு இருக்க மாட்டேன்" என்று அன்றே முடிவுகட்டினாள் பேச்சி.

இந்த ஆடியில் குரங்குகள் மரப்பலகையால் ஒரு காற்றாடி செய்தன. அது சுற்றச் சுற்றக் கிணற்றுத் தண்ணீர் தானாக மேலே ஏறியது. கடற்பசுவுக்குத் தலைகால் புரியவில்லை.

"எல்லாத் தீவுலயும் இதே காத்தாடி! இதே உயரம்! இதே பலகை!" என்று உத்தரவு போட்டார்.

பேச்சியும் அவள் தீவு நண்டுகளும் பாடுபட்டு ஒரு காற்றாடியை நிறுத்தினார்கள். அது நின்றது. நின்றுகொண்டே இருந்தது. மேற்கே இருந்த குரங்குத் தீவின் பெரிய மலை, வருகிற காற்றை எல்லாம் மறித்துக்கொண்டது. காகம் ஒன்று சாவகாசமாக அதில் கூடு கட்டத் தொடங்கியது.

குரங்கு வந்து பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தது. "என்ன பேச்சி, காத்தாடி கட்டச் சொன்னா காக்காவுக்கு வீடு கட்டிக் குடுத்திருக்கே!"

பேச்சி தலைவரிடம் ஓடினாள். "எங்க தீவுல காத்தே இல்லை, தலைவரே."

"அப்ப இன்னும் கொஞ்சம் உயரமாக் கட்டு" என்றார் கடற்பசு.

டீசல் தீர்ந்தது. குட்டிகளின் உதடு வெடித்தது. காற்று சற்று ஓய்ந்த ஒரு நாள், மூக்கில் வேர்த்தாற்போல முதலை வந்து சேர்ந்தார்.

"டீசல் தர்றேன், தாயி. ஆனா உன் குட்டிங்க நீந்திப் பழகுற குடாவை எனக்கே விட்டுடணும். என்னைக்கும்."

பேச்சி குட்டிகளைப் பார்த்தாள். குடாவை விட்டால் குட்டிகள் எங்கே நீந்தும்? விடாவிட்டால் எதைக் குடிக்கும்? "நாளைக்குச் சொல்றேன், அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

வழியில் இரண்டு பாறைகளுக்கு இடையே ஒரு குறுகலான கால்வாய். கடல்நீர் அதன் வழியே தீவுக்குள் பாயும், பிறகு வெளியே பாயும். கூடவே வந்த சின்னக் குட்டி அதில் கால் வைத்தது. நீரோட்டம் வெடுக்கென்று இழுத்தது. பேச்சி பாய்ந்து அதன் பிடரியைக் கவ்வித் தூக்கினாள். தினமும் நடக்கிற சங்கதிதான். ஆனால் இன்று அவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"இத்தனை பலமா உனக்கு?" என்று தண்ணீரைப் பார்த்துக் கேட்டாள். "உன்னைத் திட்டியே பொழுதைப் போக்கிட்டேனே!"

உடனே காற்றாடியைக் கழற்றச் சொன்னாள். "தலைவர் கோவிச்சுக்குவாரே!" என்று நண்டுகள் பதறின.

"கோவிச்சுக்கட்டும். காக்காகிட்ட மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

பலகைகளைத் துடுப்புப் போலத் திருப்பி மாட்டி, காற்றாடிச் சக்கரத்தைப் பாறைகளுக்கு நடுவே பாதி முழுகும்படி பொருத்தினார்கள். அதிலிருந்து கிணற்றுப் பம்பு வரை ஒரு நீளக் கழியை இணைத்தார்கள். மறுநாள் விடியும் நேரம் சக்கரம் சுழன்றது, பம்பின் கை ஏறி இறங்கியது, தண்ணீர் கொட்டியது!

சேதி பரவி, சற்று நேரத்தில் குரங்கும் உடும்புகளும் கடற்பசுவும் வந்தார்கள். பதில் கேட்க முதலையும் வந்தார். அவர் கரையேறிய நேரம் பார்த்துச் சக்கரம் மெதுவாகி, நின்றே போனது.

முதலைக்கு வாயெல்லாம் பல். "அவ்வளவுதானா? குடாவைக் குடு, தாயி!"

நண்டுகளின் முகம் செத்துப்போனது. பேச்சியோ அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"கொஞ்சம் பொறுங்க, அண்ணாச்சி. கடல் உள்ளே வந்தாச்சு. வெளியே போக வேண்டாமா?"

எல்லாரும் கால்வாயை எட்டிப் பார்த்தார்கள். சக்கரம் லேசாக நடுங்கியது. பிறகு எதிர்ப்பக்கமாகச் சுழலத் தொடங்கியது. எந்தப் பக்கம் சுழன்றால் பம்புக்கு என்ன? தண்ணீர் மறுபடியும் பொங்கி வந்தது. என்ன துணிச்சல், என்ன நிதானம் அந்தப் பேச்சிக்கு!

முதலை பீப்பாய்களை இழுத்துக்கொண்டு வந்த வழியே போனார். கடற்பசு அந்தச் சக்கரத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார். பிறகு உடும்புகளின் பக்கம் திரும்பினார்.

"உங்க தீவுல என்ன இருக்கு?"

"வெயில்தான், தலைவரே. கால் வைக்க முடியாத வெயில்."

"சரி, அதை வச்சு என்ன செய்யலாம்னு நீங்களே சொல்லுங்க" என்றார் கடற்பசு, முதன்முறையாக.

நீதி: பிறரைப் பார்த்து அப்படியே செய்யாமல், தன்னிடம் உள்ளதன் பலத்தை அறிந்தவர் யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை.