சீட்டு விழாத ஊர்

"இருபத்திரண்டு வீட்டிலும் ஒரே ஆள்தான் இருமுறாம்மா" என்றார் அம்பலவாணன்.

பவளத்தாய் சுளகில் கிடந்த உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"இருமல்னா டாக்டர்கிட்டப் போகணும். எங்கிட்ட ஏன் வந்தீங்க, வாத்தியாரே?"

அம்பலவாணன் பொருளாதாரப் பேராசிரியர். ஐம்பத்தாறு வயது. அவர் குருவாக நினைக்கிற பவளத்தாய்க்கு முப்பத்தெட்டு. மூடிப்போன கல்குவாரியில், ஒருகாலத்தில் வெடிமருந்து வைத்திருந்த அறையில் அவள் குடியிருக்கிறாள். முன்பு பஸ் கண்டக்டராக இருந்தவள் என்று சிலர் சொல்வார்கள். அவள் ஆமென்றும் சொன்னதில்லை, இல்லையென்றும் சொன்னதில்லை.

பேராசிரியர் மூன்று வருஷமாக வெள்ளிக்கிழமைகளில் வந்து போகிறார். இத்தனை நாளில் அவள் ஒரு உபதேசம்கூடச் செய்யவில்லை. வகுப்பறையில் நாளெல்லாம் பேசித் தீர்க்கிற மனுஷனுக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்.

"திங்கட்கிழமை நான் ஒரு அறிக்கையில கையெழுத்துப் போடணும்" என்றார்.

"போடுங்க."

"மழையில்லாத மாசங்கள்ல வீட்டுக்கு ஒருத்தரை வெளியூருக்கு வேலைக்கு அனுப்பப் பஸ் காசும், ஒரு மாசச் சாப்பாட்டுச் செலவும் கொடுத்தோம். எல்லா ஊருக்கும் இல்லை. நூறு ஊரை ஒண்ணுக்கொண்ணு ஒத்த சோடியாப் பிரிச்சு, சோடிக்கு ஒரு ஊர்னு சீட்டுக் குலுக்கிப் போட்டோம். ஐம்பது ஊருக்குக் கொடுத்தோம். மீதி ஐம்பதைச் சும்மா விட்டுட்டோம்."

"சும்மான்னா?"

"கொடுக்கலை. ஆனா கவனிச்சுக்கிட்டே இருந்தோம். கொடுக்காட்டி எப்படி இருந்திருக்கும்னு தெரியணுமில்லையா?"

"தெரிஞ்சுதா?"

"நல்லாத் தெரிஞ்சுது. சீட்டு விழுந்த ஊர்க்காரங்க, விழாத ஊர்க்காரங்களைவிட மூணுல ஒரு பங்கு கூடுதலாச் சாப்பிடுறாங்க. நான் கையெழுத்துப் போட்டா அறுநூறு ஊருக்கு இதைக் கொடுக்கப் போறாங்க."

"அப்புறம் இருமல் எங்க வந்துச்சு?"

அம்பலவாணன் சட்டைப் பையிலிருந்த போனைத் தொட்டார். எடுக்கவில்லை. அதை எடுக்க அவருக்குப் பயமாக இருந்தது.

"எல்லாத்தையும்விட நல்ல முடிவு வந்தது வாகையேந்தல்ங்கிற ஊர்ல. கணக்கெடுக்கப் போனவங்க பேச்சையெல்லாம் பதிவு பண்ணியிருக்கோம். கடைசியா ஒருமுறை சரிபார்க்கலாம்னு கேட்டேன். இருபத்திரண்டு வீடு, இருபத்திரண்டு பேர். குரல்கூட வேற வேற. இருமல் மட்டும் ஒண்ணு."

"பசங்க திருட்டுத்தனமா எழுதியிருப்பாங்க."

"நானும் அதான் நினைச்சேன். கூப்பிட்டு மிரட்டினேன். இருபத்திரண்டு பேரும் சத்தியம் பண்றாங்க. போனோம், கதவு திறந்துச்சு, ஒரு அம்மா வந்து பதில் சொன்னாங்கன்னு."

"ஒருத்தன்கூடப் பக்கத்து வீட்டுக்குப் போகலையா?"

"போகக் கூடாதும்மா. ஒரு ஊர்ல ஒருத்தருக்கு ஒரு வீடுதான். எந்த வீடு, எந்த நாள்னு அதையும் சீட்டுப் போட்டுத்தான் பிரிப்போம், ஒரே நாள்ல ரெண்டு பேர் போக மாட்டாங்க. அப்பதான் தனி ஒருத்தரோட பார்வை முடிவைக் கெடுக்காது." இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை வந்துவிட்டது.

"நீங்க போனீங்களா?"

"நான் போனா ஊர் மாறிடும். எனக்காக ஒரு மாதிரிப் பேசுவாங்க. மூணு வருஷமா நூறு ஊர்ல ஒண்ணுலகூட நான் கால் வைக்கலை."

பவளத்தாய் சுளகை ஓரமாக வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"எங்கம்மா கிளம்பிட்டீங்க?"

அவள் ஏற்கெனவே நடக்கத் தொடங்கியிருந்தாள்.

*

வாகையேந்தலுக்குப் பஸ் நின்றுபோய் ஒரு வருஷம் ஆகிறது என்று மெயின் ரோட்டுக் கடைக்காரர் சொன்னார். இரண்டு மைல் நடந்தார்கள்.

உச்சி வெயில். கண்மாய்க் கரை உடைந்து கிடந்தது. பள்ளிக்கூடத்துக் கேட்டில் பூட்டு, பூட்டின்மேல் துரு.

ஊர் சுத்தமாக இருந்தது. எல்லா வாசலும் பெருக்கியிருந்தது. எல்லாக் கொடியிலும் துணி காய்ந்தது. அநேகமாக எல்லா வாசலிலும் செருப்புகள் கிடந்தன, ஆண் செருப்பு, பெண் செருப்பு, பிள்ளைகளின் சின்னச் செருப்பு. வீடுகளுக்குள் ஆட்கள் இருக்கிறார்கள், சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஒரு சத்தமும் இல்லை. கோழிகூட இல்லை.

அம்பலவாணன் குனிந்து ஒரு பிள்ளைச் செருப்பைப் பார்த்தார். உள்ளே சிலந்தி வலை பின்னியிருந்தது.

"நல்லாத்தானே இருக்காங்க" என்றாள் பவளத்தாய்.

அவர் முதல் வீட்டுக் கதவைத் தட்டினார். சுவரில் வீட்டு எண் எழுதியிருந்தது. அவருடைய ஆட்கள் எழுதியதுதான்.

உள்ளே வேகமாக யாரோ நடந்து வரும் சத்தம். கதவு திறந்தது. ஒரு பெண், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், முந்தானையைத் தலைக்குப் போட்டிருந்தாள்.

"நான் ராக்கு" என்றாள். "வீட்ல அஞ்சு பேரு. நேத்து மூணு வேளை சாப்பிட்டோம். ரெண்டு வேளை சோறு, ஒரு வேளை பலகாரம்."

அவர் இன்னும் எதையும் கேட்கவில்லை.

அவள் இருமினாள்.

அந்த இருமலை அவர் இரவு பகலாகக் கேட்டிருக்கிறார். இறங்கி, இரண்டாம் வீட்டுக்குப் போனார். தட்டினார்.

பின்பக்கம் ஓட்டமும் நடையுமாகக் காலடி. சாவி திரும்பியது. கதவு திறந்தது.

"நான் சண்முகவள்ளி." இப்போது குரல் மெலிந்து, மூக்கால் வந்தது. முந்தானை இடுப்பில் செருகியிருந்தது. முகம் அதே முகம். "வீட்ல நாலு பேரு."

மூன்றாம் வீட்டில் அவள் பூமயில். குரல் தடித்திருந்தது. மூச்சு வாங்கியது.

ஏழாம் வீட்டில் அவரால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"அம்மா, இந்த ஊர்ல மொத்தம் எத்தனை பேர் இருக்கீங்க?"

அவள் முகத்தில் பயம் வந்தது.

"அது உங்க தாள்ல இல்லையேய்யா. அடுத்து நீங்க கேக்க வேண்டியது, போன மாசம் கறி எத்தனை நாள் எடுத்தீகன்னு."

"நான் தாள் கொண்டு வரலைம்மா. அந்தத் தாளை எழுதினவனே நான்தான்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையைத் தலையிலிருந்து எடுத்தாள். இடுப்பில் ஒரு பெரிய சாவிக்கொத்து தொங்கியது.

"நான் ஒருத்திதான்" என்றாள். "எம்பேரு இருளாயி."

*

வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். இருளாயி தண்ணீர் கொடுத்தாள். அவளுடைய சொந்தக் குரல் என்ன என்று அவளுக்கே கொஞ்சம் தடுமாற்றம் இருந்தது போலிருந்தது. இரண்டு மூன்று வாக்கியம் பேசிய பிறகுதான் நிலைப்பட்டது.

"முதல்ல வீட்டுக்கு ஒருத்தருதேன் போனாக. நல்ல வேலை, நல்ல காசு. ஆம்பளையாளு இல்லாம கண்மாய வெட்ட முடியல. தண்ணி நிக்கல. பெறகு பொண்டு பிள்ளைகளையும் கூப்பிட்டுக்கிட்டாக. பிள்ளைக இல்லேன்னு பள்ளிக்கூடத்த மூடுனாக. ஏறி இறங்க ஆளு இல்லேன்னு பஸ்ஸு நின்னுபோச்சு. பஸ்ஸு நின்னதும் மிச்சமிருந்தவுகளும் போயிட்டாக."

"எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே."

"யாரு கேட்டா?"

அவர் தண்ணீரைக் குடித்தார்.

"வீட்ல ஆளு இல்லேன்னா பேரை அடிச்சிருவோம்னு கணக்கெடுக்க வந்த உங்க பிள்ளைக சொல்லுச்சுக. எல்லாப் பேரையும் அடிச்சா ஊரே இல்லேன்னு எழுதிருவாகல்ல? பெறகு திரும்பி வாறவுக எங்க வந்து இறங்குவாக?"

"அதுக்காக இத்தனை வீட்டுக்கும் பொய் சொன்னீங்களா?"

இருளாயிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"பொய்யா? பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா எல்லாரும் போன் போடுவாக. என்ன வேலை, என்ன கூலி, என்ன சாப்பிட்டாக, அம்புட்டும் சொல்லுவாக. அதத்தேன் நான் சொன்னேன். ஒரு சோத்துப் பருக்கை கூட்டிச் சொல்லியிருந்தா என்னைய எதுனாலும் கேளுங்க."

அதுதான் கொடுமை. முடிவு தப்பில்லை. ஒவ்வொரு வீடும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத்தான் சாப்பிடுகிறது. அம்பலவாணன் திரும்பி அந்த இருபத்திரண்டு வாசல்களையும் பார்த்தார். அவருக்கு அழவேண்டும் போல இருந்தது, யாரை நினைத்து என்றுதான் தெரியவில்லை.

பவளத்தாய் எழுந்து கடைசி வீட்டுப் பக்கம் நடந்தாள்.

"இங்க மட்டும் செருப்பு இல்லையே" என்றாள் அங்கிருந்தே.

"அது எங்க வீடு" என்றாள் இருளாயி. "இருந்தது ஒரு சோடி. அத மகன் போட்டுட்டுப் போயிட்டான்."

பவளத்தாய் தன் செருப்பைக் கழற்றி அந்த வாசலில் ஒழுங்காகச் சேர்த்து வைத்தாள். கொதிக்கிற மண்ணில் வெறுங்காலோடு வந்து பழையபடி உட்கார்ந்தாள். அதற்கு அவள் ஒரு காரணமும் சொல்லவில்லை.

இருளாயி அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம்மகன் பேரு வழிவிட்டான். ஊர்லயே முதல்ல பஸ் காசு வாங்குனது அவன்தேன். பதினாலு மாசமா அவன்கிட்டயிருந்து மட்டும் போன் வல்ல."

"அப்ப அவன் வீட்டுக்கு என்ன பதில் சொன்னீங்க?" என்று கேட்டார் அம்பலவாணன். கேட்கும்போதே வேண்டாம் என்று இருந்தது.

"மத்த வீட்டுக்காரவுக சொல்றதையெல்லாம் மனசுல போட்டு, நடுவால ஒண்ணைச் சொல்லிருவேன். ஒரேயடியா நல்லாவும் இருந்திருக்க மாட்டான். கெட்டும் போயிருக்க மாட்டான். ஊரோட ஒத்து நடுவாலதேன இருப்பான்?"

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. விடுபட்ட இடத்தில் சராசரியைப் போட்டு நிரப்பு என்று இருபத்தைந்து வருஷமாக மாணவர்களுக்குச் சொல்லித்தருகிறவர் அவர்.

"உங்க கணக்குல அவன் எப்படி இருக்கான்யா?"

அவர் பவளத்தாயைப் பார்த்தார். அவள் கால் விரலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கார்னுதான் போட்டிருக்கு" என்றார். "சீட்டு விழாம இருந்திருந்தா எப்படி இருந்திருப்பாரோ, அதைவிட மூணுல ஒரு பங்கு நல்லா."

இருளாயியின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்த்ததும்தான் அவருக்கு நிஜமான பயம் பிடித்தது.

"அப்ப அது நெசந்தானா" என்றாள். "உங்க பிள்ளை ஒண்ணு சொல்லுச்சு. உங்களுக்குச் சீட்டு விழாட்டி எப்படி இருந்திருப்பீகன்னு பார்க்க ஒரு ஊரு வச்சிருக்கோம்னுச்சு. நான் நம்பல."

அவள் எழுந்து வீட்டுக்குள் போனாள். வரும்போது கையில் ஒரு மஞ்சள் பை. புதுச் சட்டை ஒன்று மடித்து மேலாக இருந்தது. கருவாட்டு வாசம் வந்தது.

"அந்த ஊரு பேரச் சொல்லுங்கய்யா."

"எதுக்கும்மா?"

"சீட்டு விழாத ஊருன்னா, அங்க அவன் போகாம இருப்பான்ல? வீட்லதேன் இருப்பான். ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்துர்றேன்."

வெயிலில் ஊர் அசையாமல் கிடந்தது.

"கிட்டப் போக மாட்டேன்" என்றாள் அவசரமாக. "தூரத்துல நின்னு பாப்பேன். நான் கூப்பிட்டா உங்க கணக்குக் கெட்டுப்போகும்ல, அது எனக்குத் தெரியும். இந்தப் பைய யார்கிட்டயாவது குடுத்தனுப்பிருவேன். அங்கயும் நான்னு ஒருத்தி இருப்பா. அவ பொறுப்பாப் பாத்துக்கிருவா."

வாகையேந்தலோடு சோடி சேர்த்த அந்த ஊரின் பெயர் அம்பலவாணனுக்குத் தெரியும். எத்தனை வீடு, எத்தனை ஆடு என்பதுகூடத் தெரியும்.

"அம்மா" என்று குருவைக் கூப்பிட்டார்.

"உங்களைத்தான் கேக்குறாங்க, வாத்தியாரே" என்றாள் பவளத்தாய்.

அவர் எழுந்து இருளாயிக்கு எதிரே நின்றார்.

"அங்க உங்க மகன் இல்லைம்மா. அது வேற ஊர். அங்க இருக்கிறவங்க வேற ஆளுங்க. அவங்களுக்கு வழிவிட்டான் யாருன்னே தெரியாது."

இருளாயி பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப அங்க யாரைப் பாத்துட்டுய்யா, எம்மகன் நல்லாருக்கான்னு எழுதுனீக?"