பிரிக்காத கட்டு

“மேடம், அந்த நரம்பைக் கெடுத்தது உடைஞ்ச எலும்பா, என் கையா?”

எலும்பு முறிவுப் பிரிவின் தலைவர் தாஹிரா, எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

கேட்டவர் மாசிலாமணி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தலை நரைக்கும்வரை மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, அறுவை சிகிச்சை படிக்க வந்தவர். ஆசிரியையைவிட மாணவருக்கு வயது அதிகம். வார்டில் அவருக்குத் தாத்தா என்று பட்டப்பெயர்.

நோயாளி பவளக்கொடி, இடியாப்பம் பிழிந்து விற்றுப் பிழைப்பவர். பஸ் படியிலிருந்து விழுந்து வலது மேல்கை எலும்பை முறித்துக்கொண்டார். மாசிலாமணிதான் தகடு வைத்தார். எலும்பு கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. மணிக்கட்டுதான் எழவில்லை; அதைத் தூக்குகிற நரம்பு கெட்டுவிட்டது. வாடிய கீரைத்தண்டு மாதிரி தொங்குகிறது.

“நரம்பைப் பார்த்தீங்களா?”

“பார்த்தேன், மேடம். எலும்புக்குப் பின்னால ஒட்டிக்கிட்டுச் சாய்வா இறங்குது. அறுபடல. ஒதுக்கி வச்சுட்டுத்தான் தகடு வச்சேன். நான் ஒதுக்கினதுல நசுங்குச்சா, விழுந்தப்பவே நசுங்குச்சா, அதுதான் தெரியல.”

“ஆபரேஷன் தியேட்டருக்குப் போறதுக்கு முன்னாடி மணிக்கட்டைத் தூக்கச் சொன்னீங்களா?”

அந்தப் பிரிவில் முதல் பாடமே அதுதான். மேல்கை முறிந்து வருபவரிடம் பெயரைக் கேட்கிற கையோடு மணிக்கட்டையும் தூக்கச் சொல்ல வேண்டும். அப்போதே எழாவிட்டால், நரம்பு விழுந்தபோதே கெட்டது என்று அர்த்தம்.

“முதல்ல பார்த்த ஆஸ்பத்திரியில விரல் வரைக்கும் கட்டுப் போட்டு அனுப்பியிருந்தாங்க. பிரிச்சா வலிக்குமேன்னு விட்டுட்டேன்.”

“இரக்கமா, சோம்பலா?”



“ரெண்டும், மேடம்.”

“அப்ப உங்க கேள்விக்குப் பதில் கிடையாது. இனிமே யாராலயும் சொல்ல முடியாது.”

மாசிலாமணிக்கு அழுகை வந்தது. அந்த வயதில், அந்த அறையில், வெட்கமில்லாமல் அழுதார்.

“நான் ஊருக்கே போயிடறேன், மேடம். கத்தி வேண்டாம். மாத்திரையே போதும்.”

“அந்தம்மாவைப் போய்ப் பார்த்தீங்களா?”

“கை தொங்கினதைப் பார்த்தேன். அப்புறம் அந்தக் கட்டில் பக்கம் போகல.”

தாஹிரா எழுந்து வந்தார். மாசிலாமணியின் வலது மணிக்கட்டைக் கீழ்நோக்கி மடக்கினார். தன் பேனாவை அந்தக் கையில் வைத்தார்.

“விடாம இறுக்கிப் பிடிங்க.”

இரண்டு விரலால் இழுத்தார். பேனா சுலபமாக வந்துவிட்டது.

“உங்க நரம்புக்கு என்ன கேடு?”

“ஒண்ணுமில்ல. மணிக்கட்டு தொங்கினா பிடி நிக்காது.”

தாஹிரா தன் உள்ளங்கையை அந்த மணிக்கட்டுக்கு அடியில் கொடுத்து மேலே தூக்கினார். மறுபடி பேனாவை வைத்து இழுத்தார். வரவில்லை.

“போங்க” என்றார்.

பவளக்கொடி கட்டிலில் உட்கார்ந்து இடது கையால் டீ குடித்துக்கொண்டிருந்தார். மாசிலாமணி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் சொன்னார். எதையும் பூசி மெழுகவில்லை.

“அப்ப என் கை இப்படி ஆனதுக்குக் காரணம் நீங்களா, இல்லையா?”

“தெரியாதும்மா. தெரிஞ்சுக்க வேண்டிய நேரத்துல நான் பார்க்கல.”

பவளக்கொடி முகத்தைத் திருப்பிக்கொண்டார். 

“வலிக்குமேன்னா விட்டீங்க? மூணு பிள்ளை பெத்தவ சார் நான். சொல்லியிருந்தா தாங்கியிருப்பேன்.”

 தொங்கிய மணிக்கட்டுக்கு அடியில் மாசிலாமணி தன் உள்ளங்கையைக் கொடுத்து மெல்லத் தூக்கினார்.

“டம்ளரை இந்தக் கையில வைங்கம்மா.”

பவளக்கொடி இடது கையால் டம்ளரை வலது கைக்குள் வைத்தார். விரல்கள் மூடின. டம்ளர் நின்றது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு இதே மாதிரி தாங்குற பட்டை ஒண்ணு மாட்டிவிடறோம். நரம்பு வளரணும். ஒரு நாளைக்கு ஒரு கடுகு அளவுகூட வளராது. மாசக்கணக்காகும்.”

“வளரலேன்னா?”

மாசிலாமணி கையை எடுக்கவில்லை. அது நடுங்கிக்கொண்டிருந்தது.

பவளக்கொடி அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார்.

“ஆடாமப் பிடிங்க, சார். டீ சிந்துது.”