இரவல் அம்மி

கப்பல் வந்து நிற்கும் வங்கத்துறையில், கயிற்றுக்காரர் தெருவின் கடைசியில், தையல்நாயகி அம்மை ஒரு சிறு மடம் வைத்திருந்தார். பகலில் அங்கே கஞ்சி ஊற்றுவார்கள். மாலையில் யாராவது ஏதாவது கேட்டால் அம்மை பதில் சொல்வார். சில நாள் சொல்லவும் மாட்டார்.

அவருடைய மூத்த சீடர் சிற்றம்பலம். வயதிலும் அம்மையைவிட மூத்தவர். அம்மை அவரைப் "பெரியவரே" என்றுதான் கூப்பிடுவார். மடத்துக்கு வந்த நாள் முதல் பானை, பாய், விறகு எல்லாம் அவர் பொறுப்பு. ஓர் அகப்பை குறைந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது.

ஒரு நிலக்கிழார் மலையடிவாரத்தில் தோப்பு ஒன்றை மடத்துக்கு எழுதிக் கொடுத்தார். சுனை உண்டு, நிழல் உண்டு. ஏற்பாடுகளை எல்லாம் சிற்றம்பலம்தான் முன்னின்று செய்தார். அன்று காலை வண்டியும் வந்துவிட்டது. கனமான அம்மியைக் கடைசிக்கு வைத்துவிட்டு, மற்ற சாமான்களை இரண்டு முறை எண்ணி ஏற்றிவிட்டு உள்ளே போனார். காலியான அடுக்களையில் அம்மை அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"வண்டி தயார் அம்மா."

"போகத்தான் வேண்டுமா பெரியவரே?"

சிற்றம்பலத்துக்குச் சுருக்கென்றது.

"இத்தனை வருஷம் இருந்தோம். அடுத்த வீட்டுக்காரருக்கு என் பெயர் தெரியாது. தெருவில் இறங்கினால் இடிக்கிறார்கள், ஏசுகிறார்கள். செத்துக் கிடந்தாலும் தாண்டிக்கொண்டுதான் போவார்கள். நாம் இருந்து வாழ்வதற்கு இந்த ஊரில் அப்படி என்ன இருக்கிறது? நீங்களே சொல்லுங்கள்."

அம்மை உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை.

"நீங்கள் வராவிட்டாலும் நான் போவேன்," என்றார் சிற்றம்பலம். சொன்ன பிறகு அவருக்கே அது அதிகமாகப் பட்டது. ஆனாலும் வார்த்தையைத் திரும்ப எடுக்கவில்லை.

அம்மை மூலையில் கிடந்த அம்மியைக் காட்டினார்.

"அது நம்முடையது இல்லை. மடம் தொடங்கும்போது உப்புத்துறையில் ஒரு வீட்டில் இரவல் வாங்கியது."

"நம் சாமான்களோடு சேர்த்துத்தானே நான் இதுவரை எண்ணி வந்தேன்!"

"எண்ணினீர்கள். ஆனால் நம்முடையது இல்லை. கொடுத்துவிட்டு வாருங்கள். இந்த ஊருக்குப் பாக்கி வைத்துவிட்டுப் போக வேண்டாம்."

"அதைத்தான் நானும் சொல்கிறேன் அம்மா. ஒரு பாக்கியும் வைக்காமல் போவேன். ஒருவரிடமும் ஒரு கை உதவிகூடக் கேட்க மாட்டேன்."

"சரி, கேட்காதீர்கள்."

உப்புத்துறைக்குப் போகும் சந்துகளில் வண்டி நுழையாது. சிற்றம்பலம் துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்தார். குழவியை இடுப்பில் கட்டிக்கொண்டார். அம்மை ஒரு பக்கம் பிடிக்க, அம்மி தலையில் ஏறியது.

கயிற்றுக்காரர் தெரு முடியும்போதே கழுத்து நடுங்கியது. ஒரு வாசற்படியில் முதுகைச் சாய்த்து, மெல்லச் சறுக்கி, கல்லை இறக்கினார். மூச்சு வாங்கி முடிந்ததும் தூக்கப் பார்த்தார். மார்பு வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. தலைச்சுமையை இறக்க ஒரு ஆள் போதும். ஏற்ற இரண்டு பேர் வேண்டும். அந்தக் கணக்கு அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

யாரையும் கூப்பிடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தூக்கினார். மறுபடியும் மார்போடு நின்றது.

தோளில் கயிற்றுச் சுருளோடு ஒருவன் வந்தான்.

"யோவ் கிழட்டு எருமை! வழியை மறிச்சுக்கிட்டு என்ன கூத்து?"

சொல்லிக்கொண்டே கயிற்றைக் கீழே போட்டான். அம்மியின் மறுமுனையைப் பிடித்தான்.

"தம் கட்டு. ம்... தூக்கு."

அம்மி தலையில் ஏறியது. சிற்றம்பலம் திரும்பிப் பார்ப்பதற்குள் கயிற்றுச் சுருள் கூட்டத்தில் போய்க்கொண்டிருந்தது.

இரண்டாவது முறை மீன்சந்தை ஓரத்தில் இறக்கினார். அங்கே கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்த ஒரு மீன்காரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அம்மி இருக்கு. மிதிக்கப் பொண்ணு எங்க மாப்பிள்ளை?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சிற்றம்பலத்துக்குக் காது சிவந்தது. அவள் எழுந்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"முறைக்காதய்யா. அந்தப் பக்கம் பிடி. என் கை வழுக்கும், சூதானம்."

மூன்றாவது முறை துறைமுகத்துக்குப் பக்கத்தில். அங்கே ஒரு கப்பல்காரன். எந்த நாட்டவனோ. அம்மியைத் தட்டிப் பார்த்தான், சிற்றம்பலத்தைப் பார்த்தான், புரியாத மொழியில் என்னவோ சொன்னான். பிறகு தூக்கிவிட்டான்.

உப்புத்துறை வீட்டில் கதவைத் திறந்தவள் ஒரு சிறு வயது மருமகள்.

"அம்மியா? எங்க அத்தை குடுத்ததா இருக்கும். அவங்க போய்ச் சேர்ந்துட்டாங்க. நான் வேற வாங்கிட்டேனே." கல்லை இறக்க ஒரு கை கொடுத்தாள். கொஞ்சம் யோசித்தாள். "இங்கயே இருக்கட்டும். எதிர்வீட்டுக்குப் புதுசா குடி வந்திருக்காங்க. மிளகு அரைக்க என்கிட்டதான் வந்து நின்னாங்க. அவங்களுக்குக் குடுத்துடறேன்."

"அவர்கள் உங்களுக்குச் சொந்தமா?"

"யாருக்குத் தெரியும்? நேத்துத்தான் வந்தாங்க."

சிற்றம்பலம் மடத்துக்குத் திரும்பியபோது வண்டிக்காரன் மாடுகளைப் பூட்டிக்கொண்டிருந்தான். அம்மை வாசலில் நின்றார்.

"அம்மியைச் சேர்த்துவிட்டீர்களா?"

"சேர்த்துவிட்டேன்."

"யாரிடமும் உதவி கேட்கவில்லையே?"

"கேட்கவில்லை."

"தனியாகவே தூக்கினீர்களா?"

சிற்றம்பலம் சும்மாட்டுத் துண்டை எடுத்து உதறினார். பிறகு, "மூன்று பேர் தூக்கிவிட்டார்கள்," என்றார்.

"யார் அவர்கள்?"

"தெரியாது."

"பெயர் கேட்டீர்களா?"

"இல்லை."

"அவர்கள் உங்கள் பெயரைக் கேட்டார்களா? எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று?"

"ஒன்றும் கேட்கவில்லை. ஒருவன் என்னைக் கிழட்டு எருமை என்றான்."

"தூக்கிவிட்டுச் சொன்னானா, தூக்காமல் சொன்னானா?"

"சொல்லிக்கொண்டே தூக்கினான்."

"மற்றவர்கள்?"

"ஒருத்தி கேலி செய்தாள். இன்னொருவன் சொன்னது எனக்குப் புரியவில்லை."

"அதுவும் திட்டாகத்தான் இருக்கும்."

"அப்படித்தான் எனக்கும் பட்டது," என்றார் சிற்றம்பலம். அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"நேரமாகுதுங்க," என்றான் வண்டிக்காரன்.

சிற்றம்பலம் வண்டியைப் பார்த்தார். தானே கட்டிய கயிறு, தானே அடுக்கிய பானைகள். மலையடிவாரச் சுனை ஒருமுறை கண்ணுக்குள் வந்து போனது. ஏறுவதற்காகச் சக்கரத்தின் மேல் கை வைத்தார். காலைத் தூக்கவில்லை.

"அம்மா, பாக்கி வைக்காமல் போவேன் என்று சொன்னேன்."

"சொன்னீர்கள்."

"மூன்று பாக்கி ஆகிவிட்டது."

"கொடுத்துவிட்டு வாருங்கள். நானும் உங்களோடு தோப்புக்கு வருகிறேன். அதுவரை வண்டி நிற்கட்டும்."

"எப்படிக் கொடுப்பேன் அம்மா? இது என்ன சிற்றூரா? இத்தனை ஆயிரம் பேரில் அந்த மூன்று பேரை எங்கே போய்த் தேடுவேன்? கல்லைப் பார்த்தேனே தவிர, ஒருவர் முகத்தையும் சரியாகப் பார்க்கவில்லை. எதிரே வந்து நின்றாலும் எனக்கு அடையாளம் தெரியாதே."

அம்மை வண்டிக்குப் போய், கஞ்சிப் பானையைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார்.

"அடையாளம் தெரியாதென்றால், எதிரே வருகிறவர்களில் ஒருவரையும் விட்டுவிடாதீர்கள்."