பரஞ்சோதியின் பாம்புச் செவி

இசையமைப்பாளர் பரஞ்சோதிக்குப் பாம்புச் செவி. சொன்னது யார் என்றால், பரஞ்சோதியேதான். வடபழனி ஸ்டுடியோவில் அன்று அவர் கோபமெல்லாம் ஆடியோ இன்டர்ஃபேஸ் மேல். மைக்கில் பாடுவதைக் கம்ப்யூட்டருக்குள் அனுப்புகிற சின்னப் பெட்டி அது.

“யாரும் பாடாதப்பவே உஸ்ஸுன்னு இரையுது. துளி இரைச்சல் இல்லாத பெட்டி ஒண்ணு கொண்டு வா. இல்லேன்னா நாளையிலேர்ந்து இந்தப் பக்கமே வராதே” என்றார் உதவியாளர் அமுதவல்லியிடம்.

அப்படியொரு பெட்டி உலகத்திலேயே கிடையாது. அமுதவல்லி ஸ்டுடியோவில் இருந்த பெட்டிகளை மேசையில் வைத்தாள். பரஞ்சோதி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஞானி மாதிரி கண்ணை மூடினார். அவள் வயரை மாற்றி மாற்றிச் செருகினாள்.

முதல் பெட்டிக்கு, “குக்கர் சீறுது” என்றார். அடுத்ததற்கு, “பஜ்ஜி பொரியுது” என்றார். மூன்றாவதற்கு முகமே மலர்ந்துவிட்டது.

“இதுதாம்மா பெட்டி. என்ன இருந்தாலும் ஃபாரின்காரன் ஃபாரின்காரன்தான்.”

கண்ணைத் திறந்தார். வயரின் முனை அமுதவல்லியின் சாப்பாட்டு டப்பா மூடியிடுக்கில் செருகியிருந்தது. கோரஸ் பாட வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“உள்ளே என்ன இருக்கு?”

“தயிர்சாதம் சார். துளி இரைச்சல் வராது.”

பரஞ்சோதி அசருகிற ஆளா? தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“அதானே பார்த்தேன். லேசா கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டுச்சு.”

“இன்னைக்கு அவசரத்துல தாளிக்கவே இல்லைங்க சார்.”